மூக்கைப் பிடித்தால் ஏலக்காய் எங்கே போகிறது?

சனிக்கிழமை, பகல் பதினொன்றரை. மதுரை பாசஞ்சர் போடியில் நிற்பதற்கு முன்பே ஊர் என் மூக்குக்கு வந்துவிட்டது. ஏலக்காய் வாசம். ரயிலே பாயசத்துக்குள் போய் நிற்பது போல இருந்தது. “என்னமா வாசம் தூக்குது!” என்றேன், எதிரே இருந்த போடிக்காரரிடம். அவர் இரண்டு முறை மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, “என்ன வாசம்?” என்றார்.

அது எண்பதுகளின் தொடக்கம். பள்ளி மைதானத்தில் உணவையும் ருசியையும் பற்றி அறிவியல் விழா நடக்கிறது, வந்து பாருங்கள் என்று நண்பர் சின்னச்சாமி எழுதியிருந்தார். ஒரு மண்டிக்காக மலையேறி ஏலக்காய் வாங்கிவருவது அவர் வேலை. காயை உடைத்து முகர்ந்து, வேண்டும் வேண்டாம் என்று சொல்வார். அந்தக் குடும்பத்துக்கு உலை கொதிப்பது அவர் மூக்கால்தான்.

மதியச் சாப்பாடு அவர் வீட்டில். எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு. ஒரு வாய் வைத்ததும் சின்னச்சாமி முகம் சுளித்தார்.

“குழம்பா இது, பேச்சி? வெந்நியக் குடிச்சாப்ல இருக்கு.”

“ரெண்டு மாசமா இதே பாட்டு,” என்றார் அவர் மனைவி பேச்சியம்மாள். “நீங்க சொல்லுங்கண்ணே, எப்படி இருக்கு?”

எனக்கோ விரலை நக்கத் தோன்றியது. அதையே சொன்னேன். “விருந்தாளி, மரியாதைக்குச் சொல்றாரு,” என்று சின்னச்சாமி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். பேச்சியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாலை நான்கு மணிக்கு மூவரும் விழாவுக்குப் போனோம். மிளகாய் ஏன் எரிகிறது, வெங்காயம் ஏன் அழவைக்கிறது, பால் எப்படித் தயிராகிறது என்று மேசைக்கு மேசை கேள்விகள். மூக்கு மேசையில்தான் கூட்டம் நெரிந்தது. “கண்ணை மூடுங்க, மூக்கை இறுக்கிப் பிடிங்க, வாயைத் திறங்க,” என்று ஓர் ஆசிரியை எதையோ என் நாக்கில் வைத்தார். மென்றேன். மரத்தூள் மாதிரி, லேசாகச் சுருக்கென்றது. அவ்வளவுதான்.

“இப்ப மூக்கை விடுங்க.”

விட்டேன். இருட்டறையில் யாரோ சன்னலைத் திறந்த மாதிரி, மண்டைக்குள் ஏலக்காய் விரிந்தது!

“உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, இப்படிக் கொஞ்சந்தான் நாக்குக்குத் தெரியும்,” என்றார் ஆசிரியை. “மத்த ருசியெல்லாம் வாய்க்குப் பின்பக்கமா மூக்குக்குப் போய்த்தான் தெரியுது.” ஐம்பது வயது வரை நாக்குக்கே எல்லாப் பாராட்டையும் கொடுத்துவந்த நான் மூக்கை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்து சின்னச்சாமி.

“மூக்க விடுங்கண்ணே.”

“விட்டுட்டேன்மா.”

“என்னதுன்னு சொல்லுங்க.”

“சுருக்குன்னு இருக்கு... சுக்கா?”

“ஏலக்கா வாங்குறவருக்கே ஏலக்கா தெரியலப்பா!” என்று வரிசையில் ஒருவர் சத்தம் போட, கூட்டம் சிரித்தது. பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. ஆசிரியை குரலைத் தாழ்த்தி, “சமீபத்துல சளிக்காய்ச்சல் வந்துச்சா?” என்று கேட்டார்.

“ஐப்பசியில. கடுமையா.”

“அதுல மூக்கு மரத்துப்போயிருக்கலாம். சிலருக்குத் திரும்பி வரும். டாக்டரப் பாருங்க.”

வீடு திரும்பும் வழியில் பேச்சியம்மாள்தான் முதலில் பேசினார். “அப்ப எங்குழம்பு மேல குத்தமில்ல.”

சின்னச்சாமி தெருவோரம் நின்றுவிட்டார். “இல்ல பேச்சி. எம்மூக்கு மேல எனக்கே சந்தேகந்தான். வெளிய தெரிஞ்சா சோலி போயிருமேன்னு பயம். நிறத்தப் பாத்து, குலுக்கிச் சத்தம் கேட்டு, குருட்டாம்போக்குல வாங்கிக்கிட்டுத் திரிஞ்சேன். பழிய குழம்பு மேல போட்டுட்டேன்.”

ஞாயிறு காலை ஏழு மணி. காய் வாங்க மலையிலிருக்கும் குரங்கணிக்கு ஜீப்பு, தலைக்கு இரண்டு ரூபாய். “நானும் வர்றேன்,” என்று பேச்சியம்மாள் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவர் பிறந்தது குரங்கணியில். கல்யாணம்வரை காய் பொறுக்கிய கை. பதினாறு கிலோமீட்டரும் வளைவுகள். மேகம் எங்களுக்குக் கீழே கிடந்தது. அங்கிருந்து அரைமணி நேரம் நடந்தால், அடுப்புச் சூட்டில் காய் உலர்த்தும் கட்டடம்.

சின்னச்சாமி ஒரு குவியலில் கையளவு அள்ளிக் குலுக்கினார். கிளிப்பச்சை நிறம். “எடுத்துக்கலாம்,” என்றார்.

பேச்சியம்மாள் ஒரு காயை உடைத்து முகர்ந்தார். “வேணாம். புகை குடிச்சிருக்கு.”

காய்க்குச் சொந்தக்காரரான தோட்டக்காரர் சிரித்தார். “என்ன மாப்ளே, பொண்டாட்டிக்கு வேல குடுத்துட்டு நீ சும்மா வந்தியா?”

சிரித்து மழுப்பிவிட்டிருக்கலாம். சின்னச்சாமி நிமிர்ந்து நின்றார். “எம்மூக்கு செத்துப்போச்சு மாமா. மண்டியிலயும் இன்னைக்கே சொல்லிருவேன். இனி எனக்கு மூக்கு இவதான்.”

தோட்டக்காரர் சிரிப்பை நிறுத்தினார். தானும் ஒரு காயை உடைத்து முகர்ந்தார். “அடுப்புக் குழாயில ஓட்டை விழுந்திருக்கும் போலருக்கே,” என்று முனகிக்கொண்டு, அந்தக் குவியலைத் தனியே ஒதுக்கினார்.

இறங்கியதும் சின்னச்சாமி நேரே மண்டிக்குப் போய்ச் சொன்னார். “காய் சுத்தமா வந்தாப் போதும், மூக்கு யாரோடதா இருந்தா எனக்கென்ன?” என்றாராம் முதலாளி.

மதியம் அதே கத்தரிக்காய்க் குழம்பு. சின்னச்சாமி சோற்றைப் பிசைந்து கையில் வைத்துக்கொண்டு, “எப்படி இருக்குன்னு சொல்லு பேச்சி,” என்றார்.

“மொதல்ல புளி வரும். பெறகு வறுத்த மல்லி. பூண்டு பின்னாடி மெதுவா வரும். கத்தரிக்கா... நெய்யாட்டம்.”

கதை கேட்பவர் போலத் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார். இரண்டாம் முறையும் சோறு வாங்கினார்.

ரயில் போடியை விட்டு நகர்ந்தபோதுதான் கவனித்தேன்: ஏலக்காய் வாசம் எனக்கும் தெரியவில்லை. இரண்டே நாளில் பழகிவிட்டிருந்தது. ஆனாலும் பயந்துபோய், பேச்சியம்மாள் கட்டிக்கொடுத்த குழம்புச்சோற்றுப் பொட்டலத்தை அவசரமாகப் பிரித்தேன். முதலில் புளி வந்தது. பெறகு வறுத்த மல்லி.