பெருவிரல் மேலே போச்சா?

சுத்தியலும் சாவியும் வைத்துக்கொண்டு, அடுத்தவர் மண்டைக்குள் எந்த இடத்தில் கோளாறு என்று கண்டுபிடிப்பதுதான் நரம்பு டாக்டர் தொழில். முட்டியைத் தட்டி, உள்ளங்காலைக் கீறி, முழி பிதுங்கிய சகோதரர்களே, நானும் உங்களில் ஒருவன். 2008இல் அண்ணாமலை நகரில் எம்.டி. பரீட்சை எழுதி, நரம்பு கேஸில் ஃபெயிலானேன். ஆறு மாதத்தில் மறு பரீட்சை. பாஸ் செய்தால்தான் முகூர்த்தம் குறிப்போம் என்று கடலூரில் பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். வார்டே கதி என்று கிடந்தேன்.

காபித்தூள்

நரம்பு சோதனையில் முதலில் மூக்கு. வாசனை பார்க்க, கோட்டுப் பையில் ஒரு டப்பா காபித்தூள் வைத்திருப்பேன். சிதம்பரத்தில் காபிக்கடை வைத்திருந்த ஒருவர் தலைவலி என்று வந்து படுத்திருந்தார். கண்ணை மூடச் சொல்லி டப்பாவை நீட்டினேன். ஒன்றும் தெரியவில்லை என்றார். எனக்கு ஒரே குஷி. மூளையின் முன்பக்கம் கட்டி என்று எழுதவே ஆரம்பித்துவிட்டேன். அவர் கண்ணைத் திறந்து டப்பாவை வாங்கிப் பார்த்தார். "என் மூக்கு நல்லாத்தான் சார் இருக்கு. உங்க தூளுக்குத்தான் உசுரு போயி ரொம்ப நாளாச்சு."

நூறில் ஏழு போனால்

பரங்கிப்பேட்டையில் மீன் விற்கும் அம்மா ஒருவருக்கு வலிப்பு. மூளை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன். மூச்சு விடாமல் இரண்டு வரை இறங்கிவிட்டார். நான் எழுபத்திரண்டிலேயே விரலை மடக்கிக்கொண்டு நின்றேன். "நீங்க மெதுவா சரி பாருங்க சார், நான் எங்கயும் போவல."

பரீட்சை கேஸ்

பரீட்சைக்கு அழைக்கப்படும் நோயாளிகள் பலர் வருஷா வருஷம் வருபவர்கள். டாக்டர்கள் எதைத் தேடுவார்கள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. மறு பரீட்சையில் எனக்கு வாய்த்தவர் செம்மங்குப்பத்துக் கொத்தனார். வலது கை, கால் விளங்காது. உள்ளங்காலைக் கீறினால் நல்ல காலில் பெருவிரல் கீழே மடங்கும். கோளாறுள்ள காலில் மேலே போகும். இவருக்கோ வலதும் மேலே போனது, இடதும் மேலே போனது. இரண்டு பக்கமும் பாதிப்பு, ஆகவே நோய் கழுத்துத் தண்டுவடத்தில் என்று அடித்துச் சொன்னேன். தேர்வாளர் கீறினார். இடது விரல் சமர்த்தாகக் கீழே மடங்கியது. மூளையில் இருந்த நோயைக் கழுத்துக்கு இறக்கிய குற்றத்துக்காக மறுபடியும் ஃபெயில்.

முடிவு வந்த அன்று அவர் மாத்திரை வாங்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார். "கீறுற சாவிய ரெண்டு தரம் கீழ போட்டீங்களே தம்பி! போன வருசம் பரீட்சைக்கு வந்த ஒரு பொண்ணு, வெரலு மேல போவலன்னு அழுதுடுச்சு. அதான் உங்களுக்கு எடது வெரலையும் நானே தூக்கி வுட்டேன். பெரிய டாக்டருக்கு எதுக்கு, அவரு எப்பவோ பாஸ் பண்ணவரு. நீங்க பாஸுதான?"

முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் பாதி உடம்பு வராத மனிதர், வருகிற பாதியால் எனக்கு உதவியிருக்கிறார். "பாஸ்தாங்க ஐயா" என்றேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா, நான் மட்டும் இல்லன்னா ஊத்திக்கினு இருக்கும்."

இரக்கம் எந்த நரம்பில் ஓடுகிறது என்று பாடத்தில் இல்லாததால், என் கல்யாணம் மேலும் ஆறு மாதம் தள்ளிப்போனது.