பொம்மையின் காலில் குண்டூசி

மருமகள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. மதியம் சாப்பாடு முடிந்ததும் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் நான் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பது வழக்கம். கண்ணைத் திறந்தால் எதிரே அவள் நின்றுகொண்டிருப்பாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள். முழங்காலுக்குக் கீழே சேலை மடிந்து விழுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அசைந்ததும், "தூங்குங்க அத்தே, சும்னே வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய்விடுவாள்.

சும்மா வந்தவள் என் காலை எதற்குப் பார்க்க வேண்டும்?

அவள் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ்க் குடும்பம்தான், எங்களைப் போல ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்கள்தான். ஆனாலும் அவள் வாயில் முதலில் வருவது கன்னடம்; 'இல்லையா' என்பதற்கு 'அல்வா' என்பாள். நான் கொள்ளேகால் பக்கம் மார்டள்ளியில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, காடு கழனியோடு இருந்தவள். கணவர் போன பிறகு மகன் என்னை இங்கே கூட்டி வந்து வைத்துக்கொண்டான். எனக்கு இயல்பாகவே வாய் வராது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் மனதிலேயே போட்டு வைத்துக்கொள்வேன். அது உள்ளே கிடந்து பெரிதாகிக்கொண்டே போகும்.

மருமகளுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் பொம்மைதான். எங்கிருந்தோ பார்சல் வரும். பிரித்தால் சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் சட்டம். அதில் தலை தனியாக, கை தனியாக, கத்தி தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை நறுக்கி எடுத்து, அரம் போட்டுத் தேய்த்து, பசை வைத்து ஒட்டினால் விரல் உயரத்துக்கு ஒரு ஆள் வந்துவிடும். அந்த ஆளை மொட்டை மாடியில் நிறுத்திக் கறுப்பு ஸ்பிரே அடிப்பாள். பிறகு பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கின் கீழே உட்கார்ந்து, நாலு மயிர் உள்ள பிரஷ்ஷால் கண்ணுக்கு வெள்ளை, பல்லுக்கு மஞ்சள் என்று வைப்பாள். ஞாயிறு சாயங்காலம் அவற்றைப் பஞ்சு வைத்த பெட்டியில் அடுக்கி, சிநேகிதர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவாள். அங்கே ஒரு பெரிய மேஜையில் அவர்கள் படையும் இவள் படையும் எதிரெதிரே நிற்குமாம். டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்களாம்.

"சும்மா வெளையாட்டும்மா" என்றான் மகன்.

விளையாட்டுக்கு எதற்கு மண்டையோடு? தசராவுக்கு இந்த ஊரில் வீட்டுக்கு வீடு பொம்மை வைப்பார்கள், நானும் பார்த்திருக்கிறேன். ராஜா ராணி, யானை, ஊர்வலம், எல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சி. கிறிஸ்துமஸுக்கு நாங்களும் குடில் வைத்து மாட்டையும் ஆட்டையும் நிறுத்துவோம். இவள் கண்ணாடி அலமாரியில் இருப்பது இரண்டிலும் சேராது. பச்சை முகம், கொம்பு, கோரைப் பல், இடுப்பில் தொங்கும் எலும்பு. ராத்திரி ஜெபத்துக்கு, அந்த அலமாரிக்கு என் முதுகு தெரியாத இடமாகப் பார்த்துத்தான் முழந்தாளிடுவேன்.

ஒரு நாள் கண் அயர்ந்திருந்தபோது கிளிக் என்று சத்தம் கேட்டது. இமையை லேசாகத் திறந்தால் மருமகள் போனை என் பக்கமாகப் பிடித்திருந்தாள். தூங்குகிற கிழவியைப் படம் எடுத்து என்ன செய்யப் போகிறாள்?

அதற்கு அடுத்து வந்ததுதான் என்னை ஒரேயடியாக ஆட்டிவிட்டது. காலையில் நான் வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே வெறுங்காலோடு கொஞ்ச நேரம் நடப்பேன். அன்றைக்கு நடந்துவிட்டு உள்ளே வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், நான் நடந்த தடத்திலேயே மருமகள் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஒரு ஸ்பூனால் மண்ணைச் சுரண்டி, டீ வடிகட்டியில் போட்டு, காகிதத்தில் சலித்துக்கொண்டிருந்தாள். சலித்த மண்ணைச் சமையலறைக்குக் கொண்டுவந்து வாணலியில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். ரவை வறுப்பதுபோல வறுத்து, ஆறவைத்து, ஒரு சின்ன பாட்டிலில் அடைத்து மூடினாள்.

மாந்திரீகத்துக்குப் பேர்போன எங்கள் ஊர்ப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒருவருக்குச் செய்வினை வைக்க வேண்டும் என்றால் முதலில் எடுப்பது அவருடைய காலடி மண்.

அந்த வாரமே என் குதிகாலில் வலி ஆரம்பித்தது. காலையில் எழுந்து காலை ஊன்றினால் ஆணி இறங்குகிற மாதிரி இருக்கும். மகன் டாக்டரிடம் கூட்டிப்போனான். வயசு, வெறுங்காலோடு நடக்கக் கூடாது, மெத்து வைத்த செருப்புப் போடுங்கள் என்றார் டாக்டர். நான் தலையை ஆட்டிவிட்டு வந்து, ஊரிலிருக்கும் தங்கைக்குப் போன் போட்டேன்.

"எந்தக் காலடி மண்ணுக்கா எடுத்தா? வலமா, எடமா?"

"நான் எப்படிக் கண்டேன்? ரெண்டும்தான் இருக்கும்."

"எடுத்து என்ன பண்ணுனா?"

"வறுத்தா."

"கொள்ளேகாலுக்குப் பக்கத்துல பொறந்துபோட்டு, இன்னும் அந்த ஊட்டுச் சோத்தத் தின்னுட்டு உக்காந்திருக்கறயாக்கா? பைய எடுத்துட்டு வந்துரு" என்றாள்.

போவது சுலபமில்லை. ஒரே மகன். காரணம் சொல்லாமல் போனால் அவன் மனம் ஒடியும், சொன்னால் அவன் குடித்தனமே ஒடியும். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம் என்று வரிசையில் நின்றேன். இப்படியெல்லாம் நம்புகிறாயா என்று சாமியார் கேட்டால் என்ன சொல்வது? வரிசையிலிருந்து நகர்ந்து வந்துவிட்டேன். கோயிலில் மந்திரித்துத் தந்த எண்ணெயைக் குதிகாலில் சிலுவை போட்டுத் தடவிக்கொண்டேன். அவள் போட்டுத் தரும் காபியில் பாதியைக் குடித்து, மீதியைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினேன். செடி வாடுகிறதா என்று தினமும் பார்த்தேன். அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருந்தது.

பையில் துணியை எடுத்து வைத்த அன்று பகலில், டீ போடலாம் என்று பார்த்தால் வடிகட்டியைக் காணவில்லை. பின்னறைக் கதவு திறந்திருந்தது. மருமகள் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வடிகட்டியை எடுக்கத்தான் உள்ளே போனேன்.

மேஜையில் தக்கைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொம்மை. முன்னால் நின்றது ஒரு கிழவி. கூன் முதுகு, கையில் கோல். அவள் உடம்பைச் சுற்றியிருந்த துணி அரக்கு நிறம், மஞ்சள் கரை. கரையில் இருந்த சின்னக் கட்டம்கூட என் சேலையில் இருக்கிற அதே கட்டம். குனிந்து பார்த்தேன். அவள் குதிகாலில் குண்டூசி இறங்கி, தக்கைக்குள் போயிருந்தது.

மாதாவே என்று சொல்லிக்கொண்டு, பொம்மையின் முதுகைப் பிடித்துத் தூக்கி, ஊசியைப் பிடுங்கினேன்.

"அத்தே! அது காயலை!"

அறை வாசலில் மருமகள் நின்றிருந்தாள். என் கட்டைவிரலில் அரக்கு வர்ணம் ஒட்டியிருந்தது. என் வாழ்நாளில் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"நான் ஊருக்குப் போறேன் அம்மிணி. என்ற தங்கச்சி ஊட்டுக்கு. கால் கொஞ்சமாச்சும் நடக்கறப்பவே போயிர்றேன்."

"கால் வலிக்கு எதுக்கு ஊருக்கு? டாக்டர்தான் சொன்னாரு அல்வா, செருப்பு போட்டா..."

"டாக்டருக்கு என்ன தெரியும்? உனக்குத்தான் தெரியும். என்ற காலடி மண்ண எதுக்கு எடுத்தே? எதுக்கு வறுத்தே? இவ குதிகால்ல எதுக்கு ஊசி குத்தி வெச்சிருக்கே?"

அவள் என்னையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்தாள். "காலடி மண்ணுன்னா என்ன அத்தே?"

நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. சொல்லிக் கொடுக்கும்படி ஆகிவிட்டது. சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது. அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோனது.

"நான் உங்களுக்குச் செய்வினை வெக்கிறேன்னு இத்தனை நாளா நெனச்சிட்டு இருந்தீங்களா? அப்புறம் என் கையால காபி எப்படிக் குடிச்சீங்க?"

"பாதிதான் குடிச்சேன்" என்றேன்.

அவள் அலமாரியைத் திறந்து, ஒரு பச்சை முகத்தானை எடுத்துக் காலைத் திருப்பிக் காட்டினாள். அவன் காலுக்குள்ளும் ஊசி. இன்னொருவனைக் காட்டினாள். அவனுக்கும். "பசை மட்டும் போட்டா நிக்க மாட்டாங்க. கை பட்டா விழுந்துடுவாங்க. அதுக்குத்தான் ஊசி. மண்ணு இவங்க நிக்கிற தரைக்கு. ஈரமும் பூச்சியும் போகணும்னு வறுத்தேன். இவங்க எல்லாருமே உங்க காலடி மண்ணுமேலதான் நிக்கிறாங்க, போதுமா?"

போனைத் திறந்து அந்தப் படத்தையும் காட்டினாள். அதில் எனக்குத் தலையே இல்லை. சேலை மடிப்பு மட்டும்தான் இருந்தது. "துணி மடிப்புல எங்க வெளிச்சம் விழும், எங்க இருட்டா இருக்கும்னு பாத்து வர்ணம் அடிக்கணும். எனக்கு அது சரியா வரலை. உங்ககிட்ட கேட்டா கூச்சப்பட்டு எந்திரிச்சுப் போயிடுவீங்க. அதான் கேக்கலை."

கேட்டிருந்தால் எழுந்துதான் போயிருப்பேன்.

"இவ யாரு, இந்தக் கெழவி?" என்று கேட்டேன்.

"மந்திரக்காரி."

"பாத்தியா!"

"வெளையாட்டுல அத்தே! இவ நின்னா எதிரிப் படை கிட்ட வராது." சொல்லிவிட்டுத் தன் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. காபியை மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். என் பை கட்டில் பக்கத்திலேயே இருந்தது. "என்ன, ரெண்டு பேரும் பகடை உருட்டாமயே சண்டையா?" என்று மகன் கேட்டான். இருவருமே பதில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டாளே என்று அப்போதுதான் அவளை நினைத்தேன். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்த வீட்டில் எந்த முகத்தோடு இருந்திருப்பேன்?

மன்னிப்பு என்று வாயால் கேட்க எனக்கு வராது. ஒரு மதியம் பையைத் திறந்து அரக்குச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். காபியை முழுவதும் குடித்தேன். ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மடிப்புகளை வெளிச்சம் படும்படி பரப்பிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டேன். வெட்கத்தில் காது சுட்டது.

காலடிச் சத்தம் வந்து நின்றது.

"கொஞ்சம் அந்தப் பக்கமா காலை நீட்டுங்க அத்தே."

நீட்டினேன்.

பையிலிருந்த துணி அலமாரிக்குத் திரும்பியது. மெத்துச் செருப்புப் போட்டு நடக்கிறேன், வலியும் முக்கால்வாசி போய்விட்டது. நான் ஊசியைப் பிடுங்கியதால்தான் போனது என்று தங்கை இன்றைக்கும் சாதிக்கிறாள். மந்திரக்காரியின் முதுகில் நான் கெடுத்த இடத்தில் மருமகள் திரும்ப வர்ணம் அடித்தாள். ஆனால் ஊசி வைக்கவில்லை. வெறும் பசையில் நிறுத்தியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்ததும், "உங்க ஆளு இன்னைக்கும் கவுந்துட்டா அத்தே" என்று சிரிப்பாள். ஊசி வை என்று நானும் சொல்வதில்லை.

தரைக்கு மண் சலித்து வறுத்துக் கொடுக்கிற வேலை இப்போது என்னுடையது. அதற்கென்று ஒரு பழைய வாணலி ஒதுக்கியிருக்கிறேன். அடுத்த தெருவில் யார் காலும் படாத ஒரு காலி மனை இருக்கிறது. அங்கே போய்ச் சுரண்டிக்கொண்டு வருகிறேன்.

"இவ்வளவு தூரம் எதுக்குப் போறீங்க? நம்ம வாசல்லயே இருக்கு அல்வா?" என்று மருமகள் கேட்டாள்.

"அங்கத்த மண்ணு நல்லாப் பொடிசா இருக்குது அம்மிணி" என்றேன்.