உரிமையாளர் என்ற ஒற்றை வரி

செய்தி தொலைபேசியில் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு வக்கீல் அலுவலகத்தில் நான் தட்டச்சு செய்கிறேன். பிற்பகல் மூன்று மணி இருக்கும். ராஜபாளையத்திலிருந்து யாரோ ஒருவர் பேசினார். "ரேஸ் கார் செல்வராசு இருக்காருல்ல, அவரு தங்கச்சி காலைல தவறிட்டாக. உங்ககிட்டச் சொல்லச் சொன்னாக" என்றார். "பேரு?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன். "பேரு தெரியலம்மா. அவருக்கு ஒரே தங்கச்சிதான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவள் பெயர் சண்முகத்தாய். வயது முப்பத்திரண்டு. மஞ்சள்காமாலை முற்றிப் பதினோரு நாள் படுத்திருந்தாள். அந்த ரேஸ் காரைச் செய்தவள் அவள். அதில் பாதி அவளுடையது, மறுபாதி என்னுடையது. இதைச் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். பதினாறாம் நாள் இரங்கல் கூட்டத்திலேயே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். எனக்கு நாலு பேர் முன்னால் குரல் எழும்பாது. உங்களில் பலர் அந்தக் கூட்டத்தில் இருந்தீர்கள். மூன்றாவது வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

அன்று பேசியவர் நல்ல மனிதர்தான். அதே தெருவில் பட்டறை வைத்திருப்பவர். "அண்ணன் ராப்பகலாக் கார் செஞ்சப்போ, பக்கத்துல இருந்து டீ போட்டுக் குடுத்து உற்சாகப்படுத்தின தங்கச்சி" என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். சண்முகத்தாய்க்கு டீ போடத் தெரியாது என்பது அவளோடு ஒரு நாள் இருந்தவர்களுக்குத் தெரியும். பால் பொங்கி அடுப்பு அணைந்த பிறகுதான் அவளுக்கு அடுப்பு நினைவே வரும். கூடம் முழுக்கத் தலையாட்டியபோது எனக்கு அழுகை வரவில்லை. காது சூடாகிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் ராஜபாளையத்தில் கல்லூரியில் இயற்பியல் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் சைக்கிள் கடை. ஸ்பேனர் பிடிக்கவும், கம்பி கோத்துச் சக்கரத்தின் கோணலை எடுக்கவும் எழுத்துப் படிக்கும் முன்பே எனக்குத் தெரியும். இதை வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை, வெட்கம். முதல் வாரமே அவள் என் கையைத் திருப்பிப் பார்த்தாள். "ஏட்டி, இது எண்ணெய்க் கறுப்புல்லா. எந்தப் பட்டறை?" என்றாள். அவள் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். இரண்டாம் ஆண்டு நடுவில் அவர் இறந்தார். அண்ணன் செல்வராசு மில் வேனில் டிரைவராக இருந்தார். அவருக்கு லேத் ஓட்டத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அதனால் அவள் படிப்பு நின்றது, என் படிப்பு நடந்தது. இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தவை என்பதை நான் மறக்கவில்லை.

கார் செய்யலாம் என்றது அவள்தான். விபத்தில் நொறுங்கிய ஒரு டாக்ஸி பட்டறை வாசலில் மாதக்கணக்கில் கிடந்தது. இன்ஜினில் மட்டும் அடி இல்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கார் பந்தய ஓட்டப்பாதை இருக்கிறது, பந்தயம் இல்லாத நாளில் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கலாம் என்று ஒரு பழைய பத்திரிகையில் படித்திருந்தாள். "யார் வேணும்னாலும்னு போட்டிருக்கான். நம்ம யாரு?" என்று கேட்டாள். எண்பத்தெட்டின் கடைசியில் தொடங்கினோம். நான் சனிக்கிழமை மதியம் அலுவலகம் முடிந்ததும் பஸ் ஏறிப் போவேன். குழாயை வளைத்து வண்டியின் சட்டத்தைப் பற்றவைத்தது அவள். கார்புரேட்டரும் ஒயரிங்கும் நான். இருக்கையை மட்டும் என் அம்மா நைலான் ஒயரில் பின்னிக் கொடுத்தாள். "இம்புட்டுச் சாஞ்ச சேர்ல எவட்டி உக்காருவா? உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும்" என்று திட்டிக்கொண்டே பின்னினாள்.

இரண்டு பேருக்கும் சொந்தமான வண்டி என்பதற்கு எங்களிடம் பத்திரம் எதுவும் இல்லை. ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தி முறுக்கிய நட்டை மற்றவள் சோதித்து, நட்டின் மேலும் சட்டத்தின் மேலும் சேர்ந்தாற்போல் சிவப்பு நகப்பூச்சில் ஒரு கோடு இழுக்க வேண்டும். நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிவிடும். முறுக்கியவளே கோடு இழுக்கக் கூடாது. கோடு இல்லாத நட்டு இருந்தால் இன்ஜினை எழுப்பக் கூடாது. ஒரு முறை எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று வாரம் போகவில்லை. முன் அச்சின் எட்டு நட்டுகளையும் முறுக்கிவைத்துவிட்டு, கோடு இல்லாமல் வண்டியை அப்படியே நிறுத்தியிருந்தாள். "நீயே இழுத்திருக்கலாம்ல" என்றேன். "என் தப்பு என் கண்ணுக்குத் தெரியாதுட்டி. அதுக்குத்தான ரெண்டு பேரு" என்றாள். பங்காளிகள் வழக்குகளை ஒன்பது வருடமாகத் தட்டச்சு செய்கிறேன். கூட்டுச் சொத்துக்கு இதைவிட நல்ல விளக்கத்தை எந்த வக்கீலும் எழுதிக் கொடுத்ததில்லை.

தொண்ணூறாம் ஆண்டுக் கோடையில் கண்மாய் வற்றியது. தரை சிமென்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. அதில் சுண்ணாம்புப் பொடியால் வளைந்த பாதை போட்டு, காலை வெயில் ஏறும் முன் அவள் ஓட்டிப் பழகினாள். நான் கரையில் அத்தாவின் கைக்கடிகாரத்தோடு நிற்பேன். ஆடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர் இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டார்: "ஏத்தா, ஒரு எடத்துக்கும் போகாம அங்கனயே சுத்துதியே, இதுக்கு எதுக்குத்தா வண்டி?" அவள் வண்டியை நிறுத்தி, "நீங்க ஏறுங்க, ஒரு சுத்து போவோம். பொறவு சொல்லுங்க" என்றாள். அவர் ஏறினார். இறங்கியபோது துண்டு காற்றில் போயிருந்தது. "எடத்துக்குப் போகாட்டியும் பரவால்ல" என்று மட்டும் சொன்னார். பயமாக இல்லையா என்று நான் அவளைக் கேட்டிருக்கிறேன். "பயம் இருக்கணும். இல்லன்னா திருப்பத்துல காலை எப்ப எடுக்கன்னு தெரியாது" என்றாள். அவள் அந்தக் காரை ஓட்டினாள். இருபத்துமூன்று காலைகள் ஓட்டினாள். பார்த்த சாட்சி நான் இருக்கிறேன்.

இனி நான் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும். ஓட்டப்பாதையிலிருந்து தபாலில் விண்ணப்பம் வந்தது. அதில் "உரிமையாளர்" என்று ஒரே ஒரு வரி. இரண்டு பெயரை அடித்தால் வரி தாண்டும். "நீதான் பட்டம் வாங்கினவ, உன் பேரப் போடு" என்றாள். "பட்டறை உன்னுது, கை உன்னுது, உன் பேருதான்" என்றேன். இரண்டு சனிக்கிழமை இதிலேயே போனது. தன் பெயரை எழுதினால் மற்றவளைக் கீழே தள்ளியதாகும் என்று இரண்டு பேருமே நினைத்தோம். கடைசியில் அவள், "ரெண்டு பேரு பேரும் வேண்டாம், அண்ணன் பேரப் போட்டுரு. யாருக்கும் மனசு நோகாது" என்றாள். சரியென்று பட்டது. பள்ளி விண்ணப்பத்திலும் ரேஷன் அட்டையிலும் எங்கள் பெயருக்கு முன்னால் ஓர் ஆணின் பெயரை எழுதிப் பழகிய கைகள் எங்களுடையவை. நான்தான் தட்டச்சு செய்தேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் சுத்தமாக இருக்கிறது என்று அவள் மெச்சினாள். அன்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பஞ்சு ஏற்றும் லாரியில் வண்டியைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போனோம். பெண்களைத் தனியே அனுப்ப முடியாது என்று வீட்டில் சொன்னதால் செல்வராசு அண்ணன் துணைக்கு வந்தார். நுழைவாயிலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் விண்ணப்பத்தைப் பார்த்தார். சண்முகத்தாய் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "செல்வராசு யாரு?" என்றார். அண்ணன் முன்னால் வந்தார். "நீங்க உள்ள வாங்க. இவங்க வேலிக்கு வெளியில நிக்கட்டும்." அவள், "சார், இந்த வண்டியைச் செஞ்சது நாங்க. நான்தான் ஓட்டப்போறேன்" என்றாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "செஞ்சவங்க யாருன்னு நான் கேக்கலம்மா. உரிமையாளர் யாருன்னுதான் பார்க்கிறேன். திருத்தணும்னா அடுத்த தடவை புதுசா எழுதிக் குடுங்க."

வேன் டிரைவரான அண்ணன் ஆறு சுற்று ஓட்டினார். திருப்பங்களில் தேவைக்கு மேல் பிரேக் பிடித்தார். வேலிக்கு வெளியே அவள் வலது கால் ஒவ்வொரு திருப்பத்திலும் தரையை அழுத்தியதைப் பார்த்தேன். யாரோ ஒருவர் படம் எடுத்தார். "சொந்தக் கையால் கார் செய்த ராஜபாளையம் இளைஞர்" என்று பத்திரிகையில் வந்தது. ஒரு மாதத்துக்குள் பட்டறைப் பலகை மாறியது. ரேஸ் கார் செல்வராசுவிடம் வேலை கொடுக்க ஆட்கள் வந்தார்கள். அண்ணன் வேன் வேலையை விட்டுவிட்டு முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்தார். பின்னறையில் லேத்தில் நின்றது அவள். அந்தப் பட்டறையில் கார் பாகம் கடைந்து வாங்கிப் போனவர்களே, நீங்கள் வாங்கிப் போனது அவள் கைவேலை.

அண்ணன் பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை. ஊர் சொன்னது, அவர் மறுக்கவில்லை. முதல் வருடம் கூச்சத்தோடு சிரித்தார். மூன்றாம் வருடம் வந்தவர்களுக்குச் சட்டத்தை எப்படி வளைத்தேன் என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை அதை என் காதால் கேட்டேன். பின்னறைக்குப் போய் அவளிடம் குதித்தேன். அடுத்த தடவைக்குப் புது விண்ணப்பம் அடித்துத் தருகிறேன் என்றேன். அவள் லேத்தை நிறுத்தாமலே சொன்னாள்: "வேலை வருதுல்ல, விடு. அம்மாவுக்கு மருந்து ஓடுது, அண்ணன் பிள்ளைங்க படிக்குது. இப்பப் போயி அது அவரு செஞ்சதில்லன்னா, முன்னால நிக்கிறவன்லாம் போயிருவான். யாரு செஞ்சதுன்னு வண்டிக்குத் தெரியும்ல." எனக்கு அன்றும் கோபம், இன்றும் கோபம். வண்டிக்கு எதுவும் தெரியாது. வண்டி பேசாது. நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஊர் பேசியது.

படுத்திருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். கண் மஞ்சளாக இருந்தது. விரல் மட்டும் பழைய விரலாக இருந்தது. அடுத்த கோடையில் கண்மாய் வற்றுமா என்று கேட்டாள். வற்றும் என்றேன். வேறெதுவும் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

கூட்டம் முடிந்து நாலாம் நாள் செல்வராசு அண்ணன் என் அலுவலகத்துக்கு வந்தார். மெலிந்திருந்தார். "நூரு, ஒரு லெட்டர் டைப் அடிச்சுத் தாம்மா. பாலிடெக்னிக்ல நம்ம காரைக் கேக்காக. வாசல்ல கூண்டு கட்டி நிறுத்தப் போறாகளாம். 'நான் சொந்தமாச் செஞ்ச காரை, என் தங்கச்சி ஞாபகமாக் குடுக்கேன்'னு போட்டுரு" என்றார். என்னிடம் கேட்டார். வேறு யாரிடமும் அல்ல, என்னிடம். அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்கு அதில் எந்தத் தவறும் தெரியவில்லை. ஏழு வருடத்தில் அவர் அதை முழுதாக நம்பிவிட்டிருந்தார்.

தாளைச் சொருகி அடித்துக் கொடுத்தேன். உதட்டை அசைத்துப் படித்தார். பாதியில் நின்றார்.

"என்ன நூரு, நீங்க ரெண்டு பேரும் செஞ்சதுன்னு இருக்கு?"

"ஆமாண்ணே."

"என் பேரு?"

"கடைசிப் பத்தியில இருக்கு. ஒரு நாள் ஓட்டினவருன்னு."

"ஊரே என் காருன்னுதான சொல்லுது."

"நீங்க என்ன சொல்லுதீங்க?"

அவர் கடிதத்தை மேசையில் வைத்தார். மின்விசிறியில் தாள் படபடத்தது. "இது வெளிய தெரிஞ்சா பட்டறை பேரு கெட்டுருமேம்மா" என்றார்.

"கெடக் கூடாதுன்னுதான் அவ வாயத் தொறக்கல. அவளால நடந்த பட்டறைண்ணே அது."

"ஒரு நாளும் எங்கிட்ட வந்து அவ கேட்டதில்லயே."

"நான் கேக்கேன். பாதி என் வண்டி. இந்தக் கடிதத்துல நீங்க கையெழுத்துப் போட்டா என் பாதியையும் தாரேன். இல்லன்னா வண்டி எங்கயும் போகாது."

என் வாழ்நாளில் ஒருவரிடம் ஒரே மூச்சில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாரேன் என்றும் சொல்லாமல் படியிறங்கிப் போனார். இதை எழுதும் இன்றுவரை கையெழுத்தாகி வரவில்லை. வண்டி பட்டறையின் பின்னறையில் நிற்கிறது.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொள்ள மறுப்பது அந்தப் பொறுமையை. அவளைப் பொறுமைசாலி என்று புகழ்கிறவர்கள், அந்தப் பொறுமையால் யாருக்கு வசதி என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள். எடுத்துக்கொண்டது, என் தப்பு என் கண்ணுக்குத் தெரியாது என்ற அவள் சொல்லை. என் தப்பை நான் ஏழு வருடம் தாமதமாகத்தான் பார்த்தேன். இப்போது என்னிடம் இருப்பவை பாதிக் காரும், அந்தக் கடிதத்தின் கார்பன் பிரதியும். அதில் உரிமையாளர்கள் என்று அடித்துவிட்டு அடுத்த வரியில் முதலில் சண்முகத்தாய் என்று அடித்தேன். வேண்டாம், உன் பேர முதல்ல போடுட்டி என்று சொல்ல எதிரே யாரும் இல்லை. சண்டை போட ஆளில்லாமல் அந்தப் பெயரை அடித்து முடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.