மேசைமேல் வைத்த வாளி

நான் மொசைக் தரை தேய்க்கிறவன். மரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மேசையைக் கெடுத்திருக்க மாட்டேன்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே ஒரு பழைய வீட்டில் கூடத்துத் தரை மங்கிவிட்டது, தேய்த்துத் தரவேண்டும் என்று கூப்பிட்டார்கள். அந்த வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் மனைவி மட்டும்தான் அங்கே. தெருவே அந்த அம்மாவை மதாம் என்று கூப்பிட்டது. எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. ஆனாலும் வேலை கொடுத்தவர்கள் என்று நானும் அப்படியே கூப்பிட்டேன்.

கூடத்தின் மூலையில் ஒரு தேக்கு மேசை. நாலு பேர் சேர்ந்தால்தான் நகரும் கனம். அதை அங்கேயே விட்டுவிட்டு மற்ற இடத்தைத் தேய்த்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் மெஷினை நிறுத்தியபோது கையில் ஈர வாளி இருந்தது. இரும்பு வாளி. அதைத் தரையில் வைத்தால் விடிவதற்குள் துரு வட்டம் விழும். புதிதாகத் தேய்த்த தரையில் துரு ஏறுவதைவிட எங்கள் தொழிலில் அசிங்கம் கிடையாது. அதனால் வாளியைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். தரையைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் சாரத்தில் இருந்த என் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன்.

காலையில் வாளியை எடுத்தால் மேசையில் கரி போல ஒரு வட்டம். துணியால் துடைத்தேன். போகவில்லை. சோப்பு போட்டேன். இன்னும் கறுத்தது. மதாம் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை.

"தரை நல்லா வந்திருக்குது. மேசைய என்னா பண்ணப் போற?" என்றார்.

திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அவர் திட்டவில்லை. எனக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது.

என் மனைவியின் தம்பி கருவடிக்குப்பத்தில் தச்சு வேலை செய்கிறவன். கூட்டிக்கொண்டு வந்தேன். வட்டத்தைப் பார்த்ததும் சிரித்தான்.

"தரைக்கி ஆவாததுன்னு தேக்கு மேல வெச்சியா மாமா? உன் தலை மேல வெச்சிருக்கலாமே, அங்கதான் எதுவும் ஏறாது."

"வந்த வேலைய பாருடா."

"ரெண்டு இழுப்பு இழைச்சா போயிடும்" என்று இழைப்புளியை எடுத்தான். மதாம் தன் கையை மேசைமேல் விரித்து வைத்தார்.

"இழைக்கக் கூடாது."

ஜன்னலில் ஒரு கதவை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் சாத்தினார். வெளிச்சம் சாய்ந்து விழுந்தது. "குனிஞ்சி பாரு" என்றார்.

தரையில் மேடு பள்ளம் கண்டுபிடிக்க நாங்களும் வெளிச்சத்துக்கு எதிரே இப்படித்தான் குந்திப் பார்ப்போம். எனக்கு அது பழகிய வேலை. பள்ளம் என்றால் குறை, தேய்த்து மட்டமாக்கவேண்டும் என்று இருபது வருஷமாகப் பார்த்த கண். அன்றைக்கு அந்தக் கண்ணால் பார்த்தேன். மேசை முழுக்கப் பேனா அழுத்திப் பதிந்த எழுத்து. வரிமேல் வரி, குறுக்கே வரி, விட்ட இடமே இல்லை. மரம் அத்தனையையும் வாங்கி வைத்திருந்தது. மச்சான் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டான்.

பென்ஷன் வராதவர்கள், பிள்ளைக்கு பிரெஞ்சு பிரஜை காகிதம் கேட்டு எழுதத் தெரியாதவர்கள், எல்லோரும் செத்துப்போன வீட்டுக்காரரிடம்தான் வந்திருக்கிறார்கள் என்று மதாம் சொன்னார். கார்பன் வைத்து மூன்று படி எழுதுவாராம். மூன்றாவது படியிலும் தெரியவேண்டும் என்று அழுத்துவாராம். எழுதிக் கொடுத்தேன் என்று சாட்சியாகக் கீழே தன் கையெழுத்தும் போடுவாராம். அது எப்போதும் வலது பக்கம் ஒரே இடத்தில் விழுந்து, சோழி அளவுக்கு ஒரு குழியே விழுந்துவிட்டது.

"எனக்கு பிரெஞ்சு படிக்க வராது" என்றார் மதாம். "இந்தக் கையெழுத்து ஒண்ணுதான் தெரியும்."

என் வட்டம் அந்தக் குழியின்மேலேயே ஏறியிருந்தது.

தரையில் துருக் கறையை எடுக்க ஆக்ஸாலிக் பவுடர் வைத்திருப்போம். அது மரத்திலும் எடுக்குமா என்று மச்சானைக் கேட்டேன்.

"எடுக்கும். ஆனா அத தண்ணியிலதான கரைப்ப? தண்ணி பட்டா அமுங்குன மரம் ஊதி எழுந்துக்கும் மாமா. எழுத்து மட்டமாயிடும்."

எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்ல வராது. மதாமிடம் நேராகவே சொன்னேன். "கறை போவணும்னா அந்த எடத்து எழுத்தும் போவும். ரெண்டுல ஒண்ணுதான்."

அவர் உள்ளே போய்விட்டார். வெகுநேரம் கழித்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மேல் பக்கத்துலேர்ந்து ஆரம்பி. நான் சொல்ற எடத்துல நிறுத்து."

முதலில் பழைய பாலிஷை ஸ்பிரிட் துணியால் துடைத்து எடுத்தோம். சுரண்டவில்லை. பிறகு பவுடரை வெந்நீரில் கரைத்து, மெல்லிய பிரஷ்ஷால் கறையை மட்டும் தொட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கண்ணெதிரே கறுப்பு சாம்பலாகி, சாம்பல் கரைந்து, அடியிலிருந்து வெல்லப்பாகு நிறத்தில் மரம் வந்தது. எத்தனையோ தரையில் பார்த்ததுதான். இங்கே கூடவே அந்த இடத்து வரிகள் மெல்ல மேலே வந்து மட்டமாவதையும் பார்த்தேன்.

"போயிடுச்சா?" என்றார்.

"போயிடுச்சி."

வட்டத்தில் முக்கால் பங்கு போனதும் குழிக்கு மேலே விரலை வைத்தார். "போதும்."

"இன்னும் நாலு விரக்கடை இருக்குது மதாம். அசிங்கமா தெரியும்."

"தெரியட்டும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அரைகொறையா விட்டுட்டு போனேன்னு பாக்கறவன் என்னைத்தான் சொல்லுவான்."

"உன் பேரு நிக்க அவரு கையெழுத்து போவணுமா?"

பிரஷ்ஷைக் கீழே வைத்தேன்.

ஈரம் காய மூன்று நாள் விட்டோம். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மச்சான் துணிப் பந்தில் தொட்டுக் கொடுத்தான். "ஊத்தாத மாமா, எழுத்துக்குள்ள போயி அடைச்சிக்கும். தொட்டும் தொடாம இழு" என்றான். மெஷினை அழுத்தி அழுத்திப் பழகிய கை, கேட்கமாட்டேன் என்றது. எட்டுப் பூச்சு இழுத்த பிறகுதான் பழகியது. மேசை முழுக்க மினுங்கியது. பிறை நிலா போலக் கறுப்பாக என் கறை மட்டும் நின்றது.

யாரிடமும் எதற்கும் அனுமதி கேட்டுப் பழக்கமில்லாதவன் நான். "ஒரு தடவ தொட்டு பாக்கலாமா மதாம்?" என்று கேட்டேன்.

நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்.

விரலை வைத்தேன். கறை வழவழவென்று இருந்தது. அதன் நடுவில் அந்தக் குழிக்குள் விரல் இறங்கியது.