கணவாய்க்கு வடக்கே

ஒரு தாயக்கட்டை பாயில் ஒன்றைக் காட்டி நின்றது. மற்றொன்று உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

"கையை விடாதீங்க. விழுந்தது விழுந்தபடிதான்" என்றாள் விஜயகுமாரி.

மற்ற மூன்று பேரும் தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தார்கள். அவள் கணவன் கருணாகரன் டார்ச் அடித்தான். உள்ளே கட்டை வெறும் பக்கத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. ஒன்றும் சைபரும் தாயம். தாயம் விழுந்தால் எந்தப் பூட்டும் திறக்கும் என்பது அந்த வீட்டில் வைத்துக்கொண்ட விதி. ஆட்டத்தில் குள்ளர்களின் சுரங்க வாசலில் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்த நல்லசாமி எழுந்து உட்கார்ந்து கன்னத்தைத் துடைத்துக்கொண்டான்.

"தெறந்துகிச்சாங்க?"

திறந்துவிட்டது என்றாள். உள்ளே ஷிப்ட் மாறும் நேரம். குள்ளர்கள் கார்டு போட வரிசையில் நிற்கிறார்கள். யாரும் அவனைப் பார்க்கவில்லை.

"கேன்டீன் எந்தப் பக்கம்னு சொல்லுங்கக்கா. மத்தத அப்பால பாத்துக்கலாம்."

அந்த ஆட்டத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'நாடு'. ஒருவர் நாட்டைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு வேடத்தில் நடக்க வேண்டும். சொல்பவள் விஜயகுமாரி. அனல்மின் நிலையத்தில் ஃபிட்டராக இருந்த கருணாகரன் கோயில் பக்கமே போகாதவன். நாட்டில் அவன்தான் பூசாரி. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் வேலை பார்க்கும் நல்லசாமி வாள்வீரன். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மனைவி தாஜுன்னிசா நாட்டிலும் வியாபாரிதான். இங்கே கணவர் கல்லாவில் உட்கார விடுவதில்லை, அங்கே கேட்க ஆளில்லை என்பாள். தாயக்கட்டை அவளுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் பால் பூத்தில் பார்த்தால் "இன்னிக்கு நாடு உண்டா?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும்.

நாடு வந்தது ஒரு தவறால். பயிற்சிக்காக இங்கிலாந்து போன அதிகாரி ஒருவர் பழைய புத்தகக் கடையில் அட்லஸ் என்று நினைத்து ஒரு புத்தகத்தை மகனுக்கு வாங்கி வந்தார். மகன் அதில் இந்தியாவைத் தேடிப் பார்த்துவிட்டுப் போட்டுவிட்டான். புத்தகம் கிளப் நூலகத்துக்கு வந்து பூகோள வரிசையில் உட்கார்ந்தது. மலைகளுக்குப் போட்டிருந்த கோடுகளின் அழகுக்காக விஜயகுமாரி அதை எடுத்து வந்தாள். ஒரு வாரம் அந்த நாட்டை ஐரோப்பாவில் தேடினாள். அப்புறம்தான் முன்னுரையைப் படித்தாள். அது எங்கும் இல்லாத நாடு. கூடி உட்கார்ந்து ஆடுவதற்காக யாரோ ஊர், ஆறு, ராஜா, சாமி எல்லாம் எழுதி அச்சடித்திருக்கிறார்கள். ஆடும் விதிகள் வேறொரு புத்தகத்தில் என்று போட்டிருந்தது. அது கிடைக்கவில்லை. விதிகளை இவர்களே வைத்துக்கொண்டார்கள். ராஜ்யத்தின் பெயர் நல்லசாமி வாயில் நுழையாமல் பிரண்டை நாடு ஆயிற்று. பிறகு எல்லோருக்கும் அதுவே.

கோவில்பட்டியில் பிறந்த விஜயகுமாரி சுரங்கத் திட்ட அலுவலகத்தில் டிரேசர். பொறியாளர்கள் பென்சிலில் போட்டதை டிரேசிங் தாளில் மையால் எடுப்பது வேலை. அவள் போட்ட கோடுகளை யாரும் ஸ்கேல் வைத்துச் சரிபார்த்ததில்லை. ஆனால் அவற்றில் ஒன்றுகூட அவளுடையதில்லை. சர்வேயில் இல்லாத கோட்டைப் போடக் கூடாது என்பது அவள் சேர்ந்த அன்றே சொல்லித் தந்த முதல் பாடம்.

பிரண்டை நாட்டுப் படம் வடக்கே ஒரு கணவாயோடு முடிந்தது. மேலே உள்ளவை அடுத்த நூலில் என்று ஒரு வரி. ஆட்டக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவாயில் போய் நின்று, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். அவள் ஒரு வாரம் அவகாசம் கேட்டாள். படத்தின் மேல் விளிம்போடு டிரேசிங் தாளைச் சேர்த்து வைத்து, ஒரு ஆறு போட்டாள். அது வளைந்த இடத்தில் ஒரு சந்தை. சந்தைக்கு மேற்கே குள்ளர்களின் சுரங்கம், இரவும் பகலும் தண்ணீர் இறைத்தால்தான் உள்ளே நிற்க முடியும் என்கிற சுரங்கம். அதற்குப் பிறகு மூன்று வருஷம் யாரும் தெற்கே திரும்பவில்லை. சுவரில் மாட்டியிருந்த வடக்கைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கொஞ்சம் நிமிர்ந்துதான் நிற்பாள்.

எண்பத்தாறில் சிங்காரவேல் பயிற்சிப் பொறியாளனாக அந்த அலுவலகத்துக்கு வந்தான். ஆட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுப் புத்தகத்தின் பெயரைக் கேட்டவன் துள்ளிவிட்டான். மெட்ராஸ் ஹாஸ்டலில் அவர்களும் இதையே ஆடியிருக்கிறார்கள். இரண்டாம் நூல் வந்துவிட்டது, நண்பனிடம் இருக்கிறது என்றான். ஊருக்குப் போய்த் திரும்பும்போது அதைக் கொண்டுவந்து, பெரிய உதவி செய்த சந்தோஷத்தோடு அவள் மேசையில் வைத்தான்.

அன்றே படித்தாள். கணவாய்க்கு வடக்கே பனி. ஆறு இல்லை. மக்கள் யாரும் இல்லை என்று ஒரே வரியில் எழுதியிருந்தது.

சொல்லாமல் விட்டுவிடலாமே, அந்தப் பையனிடம் நான் பேசுகிறேன் என்றான் கருணாகரன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. சர்வே வந்த பிறகு பழைய படத்தை மேசையில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை அவள். அதே சமயம் சுவரில் இருந்ததைக் கழற்றவும் கை வரவில்லை.

அடுத்த ஞாயிறு சிங்காரவேலும் வந்து பாயில் உட்கார்ந்தான். அவள் இரண்டாம் நூலை நடுவில் வைத்து, வடக்கைப் பற்றிய பக்கத்தைத் தமிழில் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை.

தாஜுன்னிசாதான் முதலில் பேசினாள்.

"விஜயா, அங்க எனக்கு ரெண்டு கடை இருக்கு. ஆளே இல்லாத பனியில நான் யாருக்குத் துணி கிழிச்சேன்? கரடிக்கா?"

சிங்காரவேல் சிரித்தான். ஆனால் விடவில்லை. நாட்டை உண்டாக்கியவர்களே எழுதியது இது, இதை வேண்டாம் என்று ஒதுக்கினால் முதல் புத்தகத்தை மட்டும் எதற்கு நம்ப வேண்டும் என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம். கருணாகரன் ஃபேனைப் பார்த்தான்.

"மேப்புல இல்லேன்னா ஊரு இல்லேன்னு ஆயிடுமா சார்?" என்றான் நல்லசாமி. "எங்க ஊர மைன்ஸுக்கு எடுத்துட்டாங்க. இப்ப எந்த மேப்புலயும் கெடையாது. அதுக்காவ நான் பொறக்காமயா இங்க குந்திகினு இருக்கேன்?"

"நீ பொறந்ததுக்கு உன் ஷிப்ட்ல இருக்கிறவங்க எல்லாம் சாட்சி" என்றான் கருணாகரன். "தூங்குறப்ப பார்த்திருக்காங்க."

விஜயகுமாரி சிரிப்பில் சேரவில்லை. அந்தப் பக்கத்தை மறுபடி படித்தாள். பிறகு தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"இதை எழுதினவர் கணவாயைத் தாண்டினாரா?"

சிங்காரவேல் புத்தகத்தை வாங்கிப் பார்த்தான். "அப்படி ஒண்ணும் போடலை மேடம்."

"தாண்டலை. பிரண்டை ராஜா வடக்கை அளந்துட்டு வான்னு ஒரு சர்வேயரை அனுப்பினார். அவர் கணவாய் வரைக்கும் வந்தார். பனி. குதிரை நகரலை. திரும்பிப் போனா டி.ஏ. பில் பாஸ் ஆகணும். அதுக்கு ஒரு ரிப்போர்ட் வேணும். பனி, ஆறு இல்லை, மக்கள் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டார். அரண்மனையில அதையே அச்சடிச்சாங்க. இந்தப் புத்தகத்துல ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம். அது அவர் எழுதின ரிப்போர்ட்."

நல்லசாமி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். அந்த மாதிரி சர்வேயரை எங்கள் ஊருக்கு அனுப்பியிருந்தால் ஊர் தப்பித்திருக்கும் என்றான். தாஜுன்னிசா தன் கடைகள் பிழைத்ததற்காக எல்லோருக்கும் முறுக்கு எடுத்து வைத்தாள்.

சிங்காரவேல் மட்டும் புத்தகத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். விஜயகுமாரி தாயக்கட்டைகளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் குரல் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை என்று கருணாகரனுக்குத் தோன்றியது.

"அந்தச் சர்வேயர் நீங்கதான். ரிப்போர்ட் பையில இருக்கு. குதிரையைத் திருப்பிட்டீங்க. அப்போ பனி கொஞ்சம் விலகுது. கீழே விளக்கு தெரியுது. நிறைய விளக்கு. என்ன பண்றீங்க?"

கீழே இறங்கினால் எழுதியது பொய்யாகிவிடுமே என்றான் அவன். ஆமாம் என்றாள். வேலை போய்விடுமா என்று கேட்டான். போகலாம் என்றாள்.

"பெர்மனென்ட் வேலையா சார்? யோசிச்சு எறங்குங்க" என்றான் நல்லசாமி.

சிங்காரவேல் புத்தகத்தை மூடிப் பாயோரத்தில் வைத்தான். கட்டைகளை உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்தான்.

"எறங்கறேன்."

மறுநாள் திங்கட்கிழமை. விஜயகுமாரி காலை பஸ்ஸில் அலுவலகம் போனாள். சுரங்க வடிகால் படம் ஒன்று அவசரமாக வேண்டும் என்றார்கள். மதியத்துக்குள் மை போட்டு முடித்துப் பிரிண்டுக்கு அனுப்பினாள். சிங்காரவேலுக்கு அன்று சுரங்கத்தில் பயிற்சி, அலுவலகத்துக்கு வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மழை பெய்தது. சாயங்காலம் பஜாரில் இறங்கிக் கத்தரிக்காய் வாங்கினாள். கருணாகரன் இரண்டாம் ஷிப்ட்டுக்குப் போயிருந்தான். குழம்பு வைத்து மூடிவிட்டு, காயாத துணிகளை எடுத்துக் கூடத்துக் கொடியில், சுவரில் இருந்த வடக்கு மறையாதபடி போட்டாள்.