வெள்ளாடுகள் இல்லாத தீர்ப்பு

"அப்ப, எனக்குச் சோறு தராதவங்கள ஆண்டவரு ஒண்ணுமே கேக்க மாட்டாராக்கா?"

வேடசந்தூர்க் கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்னால் நாடக ஒத்திகை நடந்தபோது ஓர் ஏழாம் வகுப்புப் பெண் கேட்டாள். தீர்ப்பும் அன்பும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்று எனக்கு முதன்முதலாக உறைத்தது அப்போதுதான்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டே பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுத்த காலம். பசித்தவருக்குச் சோறு தந்தவர்களைச் செம்மறிகளாக வலப்பக்கமும், தராமல் விரட்டியவர்களை வெள்ளாடுகளாக இடப்பக்கம் நரகத்துக்கும் ஆண்டவர் பிரிக்கும் பைபிளின் இறுதித் தீர்ப்புதான் நாடகம். வெள்ளாடாக நிற்க ஒருவரும் வரவில்லை.

"எங்க வெள்ளாடு ஒரு பாவமும் அறியாதுக்கா," என்றான் ஒருவன்.

"ஏலே, எங்க அவரைக்கொடிய மொட்டையாக்குனது யாராம்? அதுக்கு நரகந்தான்," என்றான் இன்னொருவன்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. கடவுள் அன்பானவர்தானே என்று நான் அவசரமாக முடிவை மாற்றி, எல்லோரையும் வலப்பக்கம் அனுப்பிவிட்டேன். பசித்தவளாக நடித்த அந்தப் பெண், தன்னை விரட்டியவர்களோடு கைகோத்துப் பாட வேண்டியதாயிற்று. அவள் மாட்டேன் என்று சொல்லித்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

பழைய முடிவோடுதான் நாடகம் நடந்தது. அவளுக்காக ஒருவர் நியாயம் கேட்பதும் அன்புதான் என்று புரிந்தது. ஆனால் இடப்பக்கம் நின்ற பிள்ளைகளின் முகமும் மறக்கவில்லை.

இந்த நவம்பரில் மறுபடி போடுகிறோம். தீர்ப்புச் சொன்ன ஆண்டவர் இறங்கி இடப்பக்கம் நடக்கட்டும் என்றிருக்கிறேன். அங்கே அவர் என்ன பேசுவார் என்பதை, இப்போது கல்லூரிக்குப் போகும் அவளையே எழுதித் தரச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.