பண்டுக்குக் கீழே ஒரே வீடு

தொண்ணூறுகளில், கல்யாணமான புதிதில், நானும் மனைவியும் கொல்லயில் என்ற எல்லையோர ஊரில் ஒரு மண்ணணைக்கு நேர் கீழே குடியேறினோம். ஊரில் அதைப் பண்டு என்பார்கள். வாசலில் நின்றால் தலைக்கு மேலே புல் சரிவு, அதற்கும் மேலே வானம். இரண்டுக்கும் நடுவே, கண்ணில் படாமல், ஒரு குளம் நிறையத் தண்ணீர். காதலிக்க அதைவிடத் தோதான இடம் வேறு உண்டா! பண்டின் அடியில் ஓரிடத்தில் எப்போதும் ஈரம் கசியும். அவள் அதில் சேம்பு நட்டாள். அது காடாக எழும்பியது.

கோடையில் மலையாளம் பேசும் ஒரு பெண் பொறியாளர் அணைகளை வகை பிரிக்க வந்தார். சேம்பிலைகளை விலக்கிக் கசிவைப் பார்த்ததும் முகம் மாறியது. ஆனால் அபாய வகை கசிவைப் பார்த்து வருவதில்லையாம்; அணை உடைந்தால் கீழே உயிர் போகுமா என்று பார்த்து வருவதாம். வாழையும் நெல்லும் மட்டும் என்றால் கடைசி வகை, பழுதுபார்ப்பும் கடைசியில்தான்.

"ஒரு வீடு மதி. முதல் வகையாக்கும்," என்று ஒரு விரலைக் காட்டினார்; ஒன்றே போதுமாம்.

அந்த ஒரே வீடு எங்களுடையது.

சுற்றி மேட்டில் வீடு கட்டியிருந்தவர்களுக்கு இது பொறுக்கவில்லை. கல்யாணத்துக்கு அழைக்காமல் விட்டதுபோல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பக்கத்து மேட்டு அண்ணன் பொறியாளரிடமே போய் நின்றார்.

"நாலு தலைமுறையா நாங்க இங்க உண்டு. நேத்து வந்ததுகளுக்கு வெள்ளம், எங்களுக்கு இல்லியா?"

"வெள்ளம் மேலோட்டு கேறில்ல, சேட்டா," என்றார் அவர், தண்ணீர் மேட்டில் ஏறாது என்று கையால் காட்டி.

"நீங்க எழுதுங்க, அது கேறிக்கிடும்!"

செய்தி கேட்டு மாமனார் காஞ்சிரங்குளத்திலிருந்து ஜீப்போடு வந்துவிட்டார். "மக்கா, மழைக்கு முன்ன கிளம்பு. பண்டு உங்க தலையிலதான் விழும்."

நான் பயந்துபோய்ப் பெட்டியை ஏற்றினேன். அதற்குள் அதே அண்ணன் ஓடிவந்து ஜீப்பை மறித்தார்.

"எலே, நீங்க போனா கீழ ஆளில்ல. ஆளில்லேன்னா கடைசி வகை. பொறவு எவன் மண்ணு போடுவான்? பண்டு போனா எங்க வயலு மொத்தமும் போச்சு!"

"அதுக்கு எம்மவ மிதக்கணுமாடே?" என்று சீறினார் மாமனார்.

மனைவி ஜீப்பிலிருந்து தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். "முதல் வகைன்னு உத்தரவு வரட்டும் அப்பா. மழை முந்தினா ஓடி வாறேன்."

பிறகு எங்களுக்கு ராஜவாழ்வு. கோபித்துக்கொண்ட மேடு முழுவதும் எங்களைப் போகவிடாமல் ஊட்டியது: மரச்சீனி, மத்திக்கறி, பலாச்சுளை. காலைதோறும் யாராவது பண்டின் மேல் நின்று கூவுவார்கள்: "உண்டா?" கீழிருந்து இரண்டு பேரும் கத்துவோம்: "உண்டு!" கடல் பக்கம் மேகம் கறுத்தால் இருவரும் வாசலுக்கு ஓடிவந்து பண்டைப் பார்ப்போம். பயமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க நேரமிருக்கவில்லை. அதற்குள் யாராவது மீன் கொண்டுவந்துவிடுவார்கள்.

உத்தரவு மழைக்கு முந்தியது. முதல் வகை! மேட்டில் வெடி போட்டார்கள். உத்தரவோடு வந்த பொறியாளர் முதல் நிபந்தனையை உரக்கப் படித்தார்: வேலை முடியும்வரை பண்டுக்குக் கீழே யாரும் குடியிருக்கக் கூடாது.

ஆளுக்கொரு முனை பிடித்துக் கட்டிலைச் சரிவில் ஏற்றினோம். பாதியில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது.

"மேடம், இப்ப கீழ ஆருமில்லியே! பண்டு பின்னயும் கடைசி வகையா?"

"மிண்டாதே கேறிப் போ!" என்று வாயில் விரல் வைத்து அதட்டிய பொறியாளரும் சிரித்துவிட்டார்.

அவள் சிரிக்க, நான் சிரிக்க, கட்டில் எங்கள் நடுவே ஆடியது. மேலே, மண் ஏற்றி வந்த முதல் லாரி எங்களுக்காக ஒதுங்கி நின்றது.